சின்னம்மாவின் தவணைக் கொப்பி

கடந்த மாதம் வீட்டு அலுமாரியை ஒழுங்குபடுத்த முற்பட்டபோது, மஞ்சள் பூத்த பத்திரிகை நறுக்குகளுக்கு அடியில் எண்பது பக்கப் பாடசாலைக் கொப்பி ஒன்று அகப்பட்டது. அட்டையில் 'வழக்கு' என்ற ஒற்றைச் சொல். ஆசிரியர்களுக்கே உரிய வட்டமான கையெழுத்து. என் சின்னம்மாவினுடையது. 1996 தொடக்கம் 2009 இல் தாம் காலமாகும் வரையில், நீதிமன்றப் படியேறிய ஒவ்வொரு நாளையும் அவர் அதில் ஒரு வரியாகக் குறித்து வைத்திருந்தார். இடப்புறம் திகதி, நடுவில் அன்று நடந்தது, வலப்புறம் செலவு.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன். தொடக்க காலத்தில் சில வருடங்கள் புதுக்கடைக்குச் சென்று நீதிமன்றச் செய்திகளும் எழுதியவன். கொலை வழக்குகளுக்கும் அரசியல்வாதிகளின் மனுக்களுக்கும் தாராளமாக இடம் ஒதுக்கிய எங்கள் பக்கங்களில், வீட்டு வழக்குக்கும் காணி வழக்குக்கும் இடம் இருந்ததில்லை. 'வழக்கு மீண்டும் தவணை போடப்பட்டது' என்பது ஒரு செய்தியா என்ன? ஆனால், நாட்டில் பெரும்பாலான மனிதர்கள் நீதியைச் சந்திப்பது அந்தச் செய்தியாகாத வரியில்தான் என்பதைச் சின்னம்மாவின் கொப்பி எனக்கு உணர்த்தியது.

வழக்கின் கதை சுருக்கமானது. சித்தப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய வீடு வாங்கியிருந்தார். 1978 இல் அவருக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றலானபோது அதனை ஒரு கடைக்காரருக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு போனார். அங்கேயே காலமானார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து நடந்த அந்த இரவில் சின்னம்மாவும் நடந்தார். மறுவருடம் எப்படியோ கொழும்பு வந்து சேர்ந்து, வெள்ளவத்தையில் ஓர் அறையில் மகளோடு ஒண்டிக்கொண்டார். சொந்த வீடு நான்கைந்து மைல் தூரத்தில் இருந்தது. அதில் இருந்தவர் எழும்ப மறுத்தார்.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்திருந்தது. பழைய வாடகையை ஒழுங்காகக் கட்டிவந்தார். அந்த வாடகைக்குக் கொழும்பில் ஒரு குளியலறை கூடக் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். வீட்டுக்காரிக்கு உண்மையாகவே குடியிருக்க வீடு தேவை என்றால் அந்தச் சட்டத்திலேயே அதற்கும் வழி இருந்தது. யாருடைய தேவை நியாயமானது என்பதைத் தீர்மானிக்க ஒரு நீதிபதி வேண்டும். அவ்வளவுதான் வழக்கு. இரண்டு பேரின் சாட்சியம், நான்கைந்து ஆவணங்கள், ஓர் உறுதி.

அதற்கு மாவட்ட நீதிபதியின் தீர்ப்புக் கிடைக்கப் பதினொரு வருடங்கள் சென்றன.

நான் கொப்பியை மேசையில் வைத்து ஒரு பத்திரிகைக்காரனின் புத்தியோடு எண்ணத் தொடங்கினேன். மொத்தம் 68 தவணைகள். அவற்றில் சாட்சியமோ வாதமோ கேட்கப்பட்டு வழக்கு ஓர் அடியாவது முன்னேறிய நாட்கள் 11. மீதி 57 நாட்களும் போனதும் வந்ததும்தான். அந்த 57 க்கும் சின்னம்மா காரணம் எழுதியிருந்தார். சட்டத்தரணி ஒருவர் வேறு நீதிமன்றத்தில் இருந்தது அல்லது சுகவீனம், 21. நீதிபதி விடுமுறை, பயிற்சி அல்லது மாற்றம், 12. அன்றைய பட்டியலில் முந்திய வழக்கு நீண்டுவிட்டதால் நேரமில்லை, 13. சமரசம் பேசலாம் என்று விட்டது, 5. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, 4. ஆவணக் கோவை கிடைக்கவில்லை, 2.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த 21 இல் 8 எங்கள் தரப்புச் சட்டத்தரணியால் வந்தவை. 'மற்றப் பக்கம் இழுத்தடிக்குது' என்று நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டதெல்லாம் முழு உண்மையல்ல என்பதைக் கொப்பி காட்டிக் கொடுத்தது.

"தம்பி, இண்டைக்கும் தவணைதான்" என்று சின்னம்மா மாலையில் தொலைபேசியில் சொல்லும் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. அதில் கோபம் இருந்ததில்லை. மழை வந்தது என்று சொல்வதைப் போலச் சொல்வார். தாமதத்தின் மிக மோசமான விளைவு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதர் செய்வதொன்றை இயற்கை நிகழ்வாக ஏற்றுக்கொள்ளப் பழக்கிவிடுகிறது.

தவணை என்பது இயற்கை நிகழ்வல்ல. அது சட்டத்தில் இருக்கிறது. நமது குடியியல் வழக்குகளை ஆளும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் இயற்றியது. வழக்குரை, அழைப்பாணை, விடை, எழுவினாக்கள், விளக்கம், தீர்ப்பு, தீர்ப்பாணை, அதை நிறைவேற்றல் என்று படிப்படியாகப் போகும் அதன் ஒழுங்கு இன்றைக்கும் பெருமளவுக்கு அதுவே. பழையது என்பதால் அதைப் பழிப்பது எளிது. ஆனால் அதன் 143 ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். போதிய காரணம் காட்டப்பட்டால் மட்டுமே விசாரணையை ஒத்திவைக்கலாம். விதிவிலக்கான சூழ்நிலை இருந்து, அதற்கான காரணமும் பதிவு செய்யப்பட்டாலன்றி, ஆறு வாரங்களுக்கு மேற்பட்ட தவணை கொடுக்கலாகாது. ஒத்திவைப்பதால் மற்றத் தரப்புக்கு ஏற்படும் செலவு பற்றியும் நீதிமன்றம் கட்டளையிடலாம்.

சின்னம்மாவின் கொப்பியில் ஆறு வாரத்துக்குட்பட்ட தவணைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நான்கு மாதம், ஐந்து மாதம் என்பதே வழமை. தவணைச் செலவாக அவருக்கு எவரும் ஒரு சதம் கொடுத்ததாகக் குறிப்பில்லை. வலப்புற நிரலில் உள்ளதெல்லாம் அவர் கொடுத்தவை: சட்டத்தரணிக்கு, முச்சக்கர வண்டிக்கு, தேநீருக்கு. ஆக, மருந்து பெட்டிக்குள்ளேயே இருந்தது. எவரும் பெட்டியைத் திறக்கவில்லை.

இதற்குப் பிறகும் 'புதிய சட்டம் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்புவோருக்கு நமது சொந்தச் சரித்திரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1973 இல் நீதியமைச்சராயிருந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க, நீதி நிர்வாகச் சட்டம் என்ற பெயரில் நீதிமன்ற அமைப்பையே தலைகீழாகப் புரட்டினார். அப்புக்காத்து, பிறக்கிறாசி என்ற இரு வகையினரும் ஒன்றாகிச் சட்டத்தரணி ஆனது அந்தச் சீர்திருத்தத்தால்தான். சின்னம்மா கடைசிவரை 'பிறக்கிறாசியார்' என்றே சொல்லிவந்தார் என்பது வேறு விடயம். வழக்குகளைச் சுருக்கி விரைவாக்குவது அந்தச் சட்டத்தின் பிரகடனப்படுத்தப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. 1974 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 1977 இல் ஆட்சி மாறியது. அவ்வருட முடிவுக்குள் 1889 ஆம் ஆண்டுக் கோவை மீண்டும் அரியணை ஏறியது. நான்கு வருடம்கூட நிலைக்கவில்லை. அதைப் பயன்படுத்த வேண்டியவர்களின் பழக்கத்தை மாற்றாத சட்டத்தை, பழக்கம் மாற்றிவிடும்.

அயலிலும் இதே கதைதான். இந்தியா தனது 1908 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டத்தை 1999 இலும் 2002 இலும் திருத்தி, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் ஒத்திவைப்புக் கிடையாது என்று விதித்தது. வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள். திருத்தம் 2002 ஜூலையில்தான் நடைமுறைக்கு வர முடிந்தது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005 இல் இந்திய உச்ச நீதிமன்றம், திருத்தங்கள் செல்லுபடியாகும் என்றது. ஆனால் ஒருவரின் சக்திக்கு அப்பாற்பட்ட காரணங்கள் இருக்குமிடத்தில் அந்த மூன்று என்ற எல்லை நீதிபதியின் கையைக் கட்டாது என்றும் விளக்கியது. அந்த விளக்கம் நியாயமானதுதான். ஆயினும் விதிவிலக்கே விதியாகிவிடும் ஆபத்தும் அதே வாசலால்தான் உள்ளே வருகிறது.

நமது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை இன்னுமோர் உதாரணம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று நாட்டின் அதியுயர் சட்டமே சொல்கிறது. வருடக்கணக்கில் நிலுவையிலிருக்கும் மனுக்களைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன். காலக்கெடு என்பது காகிதத்தில் எழுதிய எண். அதைக் காப்பாற்ற ஒரு மனிதர் வேண்டும்.

அப்படியானால் நமது நீதிமன்றங்களுக்கு விரைவு தெரியாதா? தெரியும். 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டதை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. ஒரே நாள்! சின்னம்மாவும் அன்று வெள்ளவத்தையில் அறை வாடகையில் இருந்தவர்தான். "கோட்டுக்கு ஏலும் தம்பி, மனம் வைச்சால் ஏலும்" என்று அன்று அவர் சொன்னது வாழ்த்தா, ஏக்கமா என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன்.

குடியியல் வழக்குகளின் தாமதம் அரசாங்கங்களுக்குத் தெரியாத நோய் அல்ல. நன்றாகவே தெரியும். தெரிந்ததனால்தான், பொறுக்க முடியாதவர்களுக்கு ஒவ்வொருவராக வெளியே போக வழி திறந்துவிட்டிருக்கிறார்கள். வங்கிகள் முறையிட்டன. 1990 இல் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதே வருடத்தில், ஈடு வைத்த ஆதனத்தை நீதிமன்றத்துக்கே போகாமல் வங்கி ஏலத்தில் விடும் 'பராட்டே' அதிகாரமும் வங்கிகளுக்குப் பரவலாகக் கிடைத்தது. (அதன் கடுமை தாங்காமல் வியாபாரிகள் எழுப்பிய கூக்குரலால் 2024 இல் அது தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.) பெரிய கம்பனிகள் முறையிட்டன. 1996 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே வர்த்தக மேல் நீதிமன்றம் பிறந்தது. குத்தகைக்குக் கொடுத்த கட்டடங்களை மீட்க முடியவில்லை என்று முதலீட்டாளர்கள் முறையிட்டனர். அதற்கும் 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. ஆனால் ஒன்றுசேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? பிரதான வீதி குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. அதைத் திருத்துமாறு உரத்துக் குரல் கொடுக்கக் கூடியவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பக்கப் பாதை வெட்டிக் கொடுத்தாயிற்று. இப்போது பிரதான வீதியில் மிஞ்சியிருப்பவர்கள் யார்? காணிப் பிரிவினைக்காரர், எல்லை வழக்குக்காரர், விதவைகள், வாடகைக்காரர், சிறு வீட்டுக்காரர். அவர்களுக்குச் சங்கம் இல்லை, வர்த்தக சம்மேளனம் இல்லை. வீதியைத் திருத்துமாறு அமைச்சரைச் சந்திக்க எவரும் இல்லை.

உலக வங்கி 'வணிகம் செய்தல்' என்ற பெயரில் வெளியிட்டுவந்த அறிக்கையில், இலங்கையில் ஓர் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தின் மூலம் அமுல்படுத்த 1,318 நாட்கள் செல்லும் என்று கணக்கிட்டிருந்தார்கள். தரவுகளில் முறைகேடு இருந்ததாகக் கண்டு அந்த அறிக்கையையே 2021 இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அது வெளிவந்த காலத்தில், அந்த எண்ணைத் தூக்கிக் காட்டாத பொருளாதாரப் பேச்சாளர் இங்கே இல்லை. முதலீட்டாளரின் 1,318 நாட்கள் நாட்டின் அவமானமாயிற்று. சின்னம்மாவின் நாலாயிரம் நாட்கள் எவருடைய அறிக்கையிலும் ஏறவில்லை.

சாதாரண மக்களுக்காக எதுவுமே செய்யப்படவில்லை என்று சொல்வது அநியாயம். 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் சிறு பிணக்குகளை ஊர் மட்டத்திலேயே தீர்த்து வருகின்றன. 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் குடியியல் மேன்முறையீடுகளை மாகாண மட்டத்துக்குக் கொண்டு வந்தது. அந்தப் பயனை நாங்களும் அனுபவித்தோம். 2017 ஆம் ஆண்டுத் திருத்தம், விளக்கத்துக்கு முன்னரே நீதிபதி தரப்புகளை அழைத்து வழக்கைச் சுருக்கும் அமர்வைக் கோவைக்குள் புகுத்தியது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், எதிர்த் தரப்பு ஆட்சேபிக்காத ஆவணங்களைச் சாட்சி வைத்து ஒப்புவிக்கத் தேவையில்லை. சிறு கோரிக்கை நீதிமன்றங்களுக்கான சட்டமும் அதே வருடத்தில் நிறைவேறியது. 2020 இல் உயர் நீதிமன்ற நீதியரசர் தொகை 11 இலிருந்து 17 ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தினது 12 இலிருந்து 20 ஆகவும் உயர்த்தப்பட்டது. எல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் இவற்றில் எதுவும் கொப்பியின் நடு நிரலைத் தொடவில்லை. 'இன்று ஏன் விசாரணை நடக்கவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை இன்னும் எவருக்கும் கிடையாது.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். தமிழில் சாட்சியம் சொல்லவும், மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை உண்டு. சின்னம்மா சாட்சிக் கூண்டில் நின்று, யாழ்ப்பாணத்தில் தமக்கு இருந்ததெல்லாம் 'ஒரு வளவு' மட்டுமே, அதையும் விட்டுவிட்டு வந்தேன் என்றார். மொழிபெயர்த்தவர் அதை 'வளவ்வ' என்றார். சிங்களத்தில் வளவ்வ என்றால் பிரபுக்கள் வாழும் மாளிகை! யாழ்ப்பாணத்தில் மாளிகை வைத்திருப்பவருக்குக் கொட்டாஞ்சேனையில் இந்தச் சின்ன வீடு எதற்கு என்று எதிர்த் தரப்புச் சட்டத்தரணி கேட்டபோதுதான் சின்னம்மாவுக்கு நடந்தது விளங்கியது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. கொப்பியில் அன்றைய வரி: 'வளவு என்றால் என்ன என்று விளக்கினேன். தவணை.' ஓர் ஆசிரியையின் நகைச்சுவை அது. ஆனால் அடுத்த தவணை ஐந்து மாதங்களுக்குப் பின்னர்.

சரி, தவணையே கூடாது என்பதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. போர்க்காலத்தில் ஒரு தடவை வாடகைக்காரரின் மகனைச் சுற்றிவளைப்பில் கொண்டு போய்விட்டார்கள். மறுவாரம் வழக்கு. தகப்பனார் பொலிஸ் நிலையங்களில் அலைந்துகொண்டிருந்தார். அன்று தவணை கேட்டபோது எதிர்க்க வேண்டாம் என்று சின்னம்மாவே எங்கள் சட்டத்தரணியிடம் சொன்னார். "பிள்ளையைத் தேடுற மனுசனிட்டை வீட்டைக் கேக்கிறதே?" என்றார். 57 வெறுந்தவணைகளில் அவர் மனமுவந்து ஏற்றது அந்த ஒன்றுதான். தவணை கருணையாகவும் இருக்க முடியும். அதனால்தான் அதைக் கண்டபடி செலவழிக்கக் கூடாது என்கிறேன்.

விரைவுக்கும் ஒரு விலை உண்டென்பதை நான் அறியாதவனல்லன். எதிராளியின் சொல்லைக் கேட்பதற்கு முன்னரே தற்காலிகத் தீர்ப்பாணை வழங்கும் விசேட நடைமுறைகளால் வீடிழந்தவர்களும் உண்டு. ஆகவே வேகமான தீர்ப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நடக்கும் என்று சொன்ன நாளில் விசாரணை நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

அதற்கு என்ன செய்யலாம்? நான் சட்டம் படித்தவனல்லன். கலைப் பட்டதாரி. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, அழைப்பாணை சேர்ந்ததா, பதிலாளின் பத்திரம் வந்ததா, விடை தாக்கலாயிற்றா என்று பார்ப்பதற்கு நீதிபதி தேவையில்லை. பதிவாளர் போதும். காலைப் பொழுதின் பெரும்பகுதியை இந்தப் பெயர் கூப்பிடும் சடங்கு விழுங்கிவிடுவதால்தான் 'நேரமில்லை' என்ற 13 தவணைகள் வந்தன.

இரண்டாவது, விளக்கம் தொடங்கினால் அடுத்தடுத்த நாட்களில் நடத்தி முடிக்க வேண்டும். சின்னம்மாவின் வழக்குக்குத் தேவைப்பட்டவை 11 நாட்கள். இரண்டு வாரத்தில் முடித்திருக்கலாம். ஒரு நீதிபதி சாட்சியைக் கேட்டு, இன்னொருவர் அதைக் காகிதத்தில் வாசித்து, மூன்றாமவர் தீர்ப்பு எழுதும் நிலையும் வந்திராது. நீதிபதிகளின் இடமாற்றத்தையும் நடந்துகொண்டிருக்கும் விளக்கங்கள் முடியும் நாளோடு பொருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, 143 ஆம் பிரிவைத் தூசு தட்டி எடுப்பது. யார் கேட்டு, என்ன காரணத்துக்காகத் தவணை கொடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு நீதிமன்றமும் வருடா வருடம் எண்ணிப் பகிரங்கப்படுத்தட்டும். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். தகுந்த காரணமின்றிக் கேட்டவர், வீணாக வந்து போனவரின் அன்றைய செலவைக் கொடுக்கட்டும். தோன்றிய நாட்களுக்கு ஏற்ப அல்லாமல், முழு வழக்குக்கும் இவ்வளவு என்று கட்டணம் பேசும் வழக்கம் சட்டத்தரணிகளிடையே வளருமானால், தவணையால் இலாபம் என்ற நிலையும் குறையும்.

இங்கிலாந்தில் வூல்ஃப் பிரபுவின் சிபாரிசுப்படி 1999 ஏப்ரலில் வந்த புதிய நடைமுறை விதிகளின் சாரமும் இதுவே. வழக்கு எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதைத் தரப்புகள் அல்ல, நீதிமன்றம் தீர்மானிக்கும். நமக்கு 1889 இல் ஒரு கோவையைத் தந்துவிட்டுப் போனவர்கள் தம்முடைய பழக்கத்தைத் திருத்திக்கொண்டு கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

நான்காவது, கொழும்பின் நீதிமன்றங்களுக்குப் போதிய தமிழ் மொழிபெயர்ப்பாளர். உரிமை அரசியலமைப்பில் இருந்தால் போதாது, அன்று காலை ஒன்பது மணிக்கு ஆளாகவும் வந்து நிற்க வேண்டும்.

அநுராதபுரத்தை 44 வருடங்கள் ஆண்ட எல்லாளன், நீதி கேட்டு வருவோர் அடிப்பதற்காகத் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி வைத்திருந்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. பகை மன்னனாகக் கருதியவனைப் பற்றி அந்த நூல் வியந்து சொல்லும் செய்தி அது. மணியடித்தவருக்கு மன்னன் தவணை கொடுத்ததாக அதில் இல்லை. கதைதான். ஆனாலும் இந்தத் தீவின் இரு மக்களும் நீதி என்றால் என்னவென்று நினைத்திருந்தார்கள் என்பதை அந்தக் கதை சொல்கிறதல்லவா?

2007 இல் தீர்ப்பு சின்னம்மாவுக்குச் சார்பாக வந்தது. வாடகைக்காரர் மேன்முறையீடு செய்தார். 2009 இல் சின்னம்மா கண்ணை மூடினார். கனடாவுக்குப் போய்விட்ட மகள் அவருடைய இடத்தில் வழக்காளியானார். அவளிடமிருந்து அற்றோணித் தத்துவம் பெற்று நான் போய்வந்தேன். 2012 இல் இரு தரப்பும் ஒரு தொகைக்கு இணங்கி வழக்கை முடித்துக்கொண்டோம். திறப்பைக் கையில் தந்தபோது வாடகைக்காரருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. "ஐயா, முதலிலேயே முடிஞ்சிருந்தா எனக்கும் நல்லது. அந்த வயசிலே வேற இடம் பாத்திருப்பேன்" என்றார். வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். எங்கள் வழக்கில் வென்றவர்தான் செத்துப் போயிருந்தார்.

கொப்பியில் கடைசி வரி 2009 இன் ஒரு திகதி. அதற்கு நேரே நடு நிரலில் எதுவும் எழுதப்படவில்லை. வழக்கு அழைக்கப்பட்ட அன்று அவர் வைத்தியசாலையில் இருந்தார். என்ன நடந்தது என்பதை நான் போய் விசாரித்து வந்து சொன்னேன். தவணைதான். அவர் தலையை மட்டும் அசைத்தார். எழுதுவதற்குக் கொப்பியைக் கேட்கவில்லை.

அந்த இடத்தை நான் இன்னும் நிரப்பவில்லை.